உயரமே திணை: எத்தியோப்பியாவின் நிலமும் வாழ்வும்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் தொடங்கி 15 பாகைக்குள் முடிந்துவிடுகிற நாடு எத்தியோப்பியா. தமிழ்நாடும் இலங்கையும் இதே அட்சக்கோடுகளுக்குள்தான் அடங்குகின்றன. அப்படியானால் நம் ஊர் வெயில்தான் அங்கேயும் காயும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தலைநகர் அடிஸ் அபாபாவில் வெப்பமான மாதங்களிலும் பகல் வெயில் 25 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். விடியற்காலையில் மேலே ஒரு கம்பளி வேண்டும். நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,350 மீட்டரில் இருக்கிறது. உதகமண்டலமே 2,240 மீட்டர்தான். ஊட்டியைவிட உயரமான இடத்தில் பல இலட்சம் பேர் பேருந்தும் ரயிலும் பிடித்து வேலைக்குப் போகிற பெருநகரம் அது.

1984 பஞ்சத்தின் படங்களை மட்டும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு எத்தியோப்பியா என்றால் மணலும் வறட்சியும்தான். அந்தப் படங்கள் பொய்யல்ல. ஆனால் பஞ்சம் வந்த அதே நாட்டிலிருந்துதான் நைல் நதியின் பெரும்பங்கு தண்ணீர் இறங்கிப் போகிறது. இந்த முரணைப் புரிந்துகொள்ள வரைபடத்தில் நீள அகலத்தைப் பார்த்தால் போதாது, உயரத்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள உழவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

அவர்களுடைய நிலப் பாகுபாடு கிட்டத்தட்ட நம் திணைப் பாகுபாடு போன்றது; நிலத்தின் பெயரைச் சொன்னாலே பயிரும் கால்நடையும் சாப்பாடும் சேர்ந்து வந்துவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டருக்குக் கீழே இருப்பது 'கொல்லா': வெக்கை நிலம். சோளம், எள், பருத்தி விளையும். ஒட்டகமும் ஆடும் மேயும். அதற்கு மேல் 2,300 மீட்டர் வரை 'வொய்னா தேகா'. காப்பி, மக்காச்சோளம், தெஃப் என்னும் சிறுதானியம் என்று நாட்டின் சோற்றுப் பானையே இந்த அடுக்கில்தான். அதற்கும் மேல் 3,200 மீட்டர் வரை 'தேகா': கோதுமை, பார்லி, பெரிய அவரை, செம்மறி. இன்னும் ஏறினால் 'வுர்ச்'. பனி உறையும் அந்த உயரத்தில் பார்லியைத் தவிர எதுவும் தாங்காது. எல்லைகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் ஆகும். மலையின் எந்தப் பக்கம் மழை அடிக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 பாகைக்கு மேல் வெப்பம் குறைந்துவிடுவதால், ஒரே மலைச்சரிவில் ஒருநாள் நடையில் இந்தத் திணைகள் எல்லாவற்றையும் கடந்துவிடலாம். கீழ்நிலத்து எள்ளும் மேல்நிலத்து பார்லியும் கைமாறுவது நடுவே கூடும் வாரச் சந்தைகளில்தான்.

மேட்டில் ஏன் இவ்வளவு கூட்டம்? தண்ணீரும் மண்ணும் ஒரு காரணம். இன்னொன்று கொசு. 2,000 மீட்டருக்கு மேல் குளிரில் மலேரியா பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் பரந்த தாழ்நிலங்கள் ஆள் அருகிக் கிடக்க, மேட்டுநிலத்தில் ஒவ்வொரு சரிவும் உழவாகியிருக்கிறது. 12 கோடியைத் தாண்டிய மக்கள்தொகையில் பெரும்பாலோர் மேட்டில்தான் வாழ்கிறார்கள்.

சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்ததுதான் இந்த மேடு. பிறகு பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு அதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இரண்டாக அறுத்தது. ஆறுகள் மீதியை அறுத்தன. நீல நைல் ஓடும் பள்ளம் சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் அதிக ஆழம். எதிர்க்கரை ஊர் கண்ணுக்குத் தெரியும். போய்ச் சேர ஒரு பகல் இறங்கி ஏற வேண்டும். ஒரே நாட்டில் 80க்கும் மேற்பட்ட மொழிகள் பிழைத்திருப்பதற்கு இந்தப் பள்ளங்களுக்கும் பங்குண்டு. சுற்றிலும் செங்குத்தாக அறுபட்டு உச்சி மட்டும் மேசைபோலத் தட்டையாக நிற்கிற மலைக்கு 'அம்பா' என்று பெயர். அரசர்களுக்கு அது கோட்டை, துறவிகளுக்கு மடம். திக்ராய் பகுதியில் தெப்ரெ தாமோ மடத்துக்கு இன்றும் கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறித்தான் போகவேண்டும்.

மறுகோடியில் தனகில் பள்ளம், கடல்மட்டத்துக்கும் 100 மீட்டருக்கு மேல் கீழே. உலகில் மக்கள் வாழ்ந்து பதிவான இடங்களில் ஆண்டுச் சராசரி வெப்பம் மிக அதிகமாக இருந்தது அங்குள்ள தல்லோலில்தான், 34 பாகைக்கு மேல். வற்றிப்போன பழைய கடலின் உப்பை அஃபார் மக்கள் கோடாரியால் பிளந்து, நெம்பித் தூக்கி, செங்கல் போலச் செதுக்கி ஒட்டகத்தில் ஏற்றுகிறார்கள். 'அமோலே' எனப்படும் அந்த உப்புக் கட்டி 20ஆம் நூற்றாண்டு வரை மேட்டுநிலத்தில் நாணயமாகவே செல்லுபடியானது. உப்பு கிடைக்கும் இடத்திலிருந்து விலகி மேலே போகப்போக அதன் மதிப்பு கூடும். வழியில் மழையில் நனைந்தாலோ மூலை உடைந்தாலோ மதிப்பு போய்விடும். அதனால் பட்டைநார் கட்டிக் காப்பாற்றுவார்கள்.

மழை இந்த மேட்டில் மோதித்தான் இறங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 'கிரெம்த்', பெருமழை. பிப்ரவரி முதல் மே வரை 'பெல்க்', சிறுமழை. இடைப்பட்டது 'பெகா', வறண்ட காலம். பாசனம் குறைவு, வயல் பெரும்பாலும் வானம் பார்த்தது. ஆகவே கிரெம்த் மூன்று வாரம் தாமதித்தாலே நடு அடுக்கில் விளைச்சல் அடிபடும். பெல்க் பொய்த்தால் அதை நம்பி விதைக்கும் வடகிழக்கு மேட்டுப்பகுதியில் பசி. 1983 முதல் 1985 வரை மழை பொய்த்ததோடு உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொண்டது. சந்தை வழிகள் அடைபட்டதால்தான் பற்றாக்குறை பெருஞ்சாவாக மாறியது. பெய்யும் ஆண்டுகளிலோ தண்ணீர் நிற்காமல் சூடானுக்கும் எகிப்துக்கும் ஓடிவிடும். அந்த நீரைத் தடுத்து மின்சாரம் எடுக்கவே நீல நைலில் பேரணை எழுந்தது. 2011இல் தொடங்கி 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. உயரம் 145 மீட்டர், நிறுவு திறன் 5,150 மெகாவாட். அயல்நாட்டுக் கடன் கிடைக்காதபோது கூலித் தொழிலாளர் வரை கடன்பத்திரம் வாங்கிக் கட்டியது என்பதால், அங்குள்ளவர்களுக்கு அது வெறும் அணை அல்ல. நீர்வரத்து குறையும் என்ற எகிப்தின் அச்சமும் உண்மையானதே. அந்நாட்டுக்கு நைலை விட்டால் வேறு ஆறு இல்லை.

தெஃப்: மணலைப் போன்ற தானியம்

நடு அடுக்கின் அரசி தெஃப். ஒரு தானியத்தின் அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு கிராமில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள் இருக்கும். 'கீழே விழுந்தால் தொலைந்தது' என்ற பொருளில்தான் பெயரே வந்தது என்று அங்கே சொல்வார்கள். விதை இவ்வளவு சிறியதென்பதால் ஆழத்தில் விழுந்தால் முளைக்காது. ஆகவே 'மரெஷா' என்னும் மர ஏரில் இரண்டு எருது பூட்டி நான்கைந்து சால் உழுது, மண்ணைப் பொடியாக்கி, மேல்மண்ணில் தூவ வேண்டும். ஈரக் களிமண் வயலில் மாடு, ஆடு, கழுதையை விட்டு மிதிக்கச் செய்து மண்ணை இறுக்குவதும் உண்டு. கைவிதைப்பில் எக்டருக்கு 25 முதல் 30 கிலோ போகும். வரிசையில் விதைத்தால் 5 கிலோவே போதும், ஆனால் ஆள்கூலி கட்டுப்படியாகாது.

தெஃப் பயிரின் பெரிய குறை, தண்டு மெலிந்தது. உரம் போட்டுச் செழித்தால் கதிர் பாரம் தாங்காமல் காற்றில் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் மணி நிறம் மங்கும், அறுவடையில் கொட்டிப்போகும். உரத்தைக் கூட்டி மகசூலைக் கூட்டலாம் என்ற வழக்கமான கணக்கு இங்கே உதைப்பது இதனால்தான். நிறைகளும் உண்டு. தண்ணீர் தேங்கும் கரிசலிலும் வரும், இடையில் இரண்டு வாரம் காய்ந்தாலும் தாங்கும். வண்டு அரிப்பதில்லை, பல ஆண்டு குதிரில் கிடக்கும். வைக்கோல் கால்நடைக்கு உயிர். வீட்டுச் சுவருக்கு மண் குழைக்கும்போதும் இதைத்தான் வெட்டிக் கலப்பார்கள்.

ஒரு தகவல் நமக்கு நெருக்கமானது. நம் கேழ்வரகின் பூர்வீகமும் இந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். அங்கே அதற்கு 'தகூஸா' என்று பெயர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து நம் வயலில் சொந்தப் பயிராகிவிட்டது. தெஃப் அப்படி எங்கும் பரவவில்லை. இப்போதுதான் கோதுமைப் பசைப்புரதம் ஒவ்வாதவர்கள் இதைத் தேடுகிறார்கள். ஒரு டச்சு நிறுவனம் தெஃப் மாவுக்கே காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. புதுமை எதுவும் இல்லையென்று 2018 இறுதியில் ஹேக் நீதிமன்றம் அதைத் தள்ளியது. மஞ்சளுக்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை 1997இல் ரத்தானதை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இந்த வழக்கின் அருமை தெரியும்.

இஞ்செராவுக்குக் கண் வருவது எப்படி

தெஃப் மாவில் சுடுவது இஞ்செரா. தோசை என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் திருப்பிப் போடுவதில்லை, எண்ணெய் ஊற்றுவதில்லை, அகலம் அரை மீட்டருக்கு மேல். உளுந்து போன்ற துணையும் இல்லை. வெறும் தெஃப் மாவு புளித்துப் பொங்கி, மேற்பரப்பு முழுக்கத் துளை விழ வேண்டும். அந்தத் துளையை அம்ஹாரிக் மொழியிலும் 'கண்' என்றே சொல்கிறார்கள்.

2 கிலோ மாவுக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர். போன முறை புளித்த மாவின்மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீரை எடுத்து வைத்திருப்பார்கள். அதன் பெயர் 'எர்ஷோ'. அதில் 300 மில்லி சேர்த்துப் பிசைந்து மூடி வைத்தால் ஒன்றரை முதல் மூன்று நாளில் புளிக்கும். அடிஸ் அபாபாவின் குளிரில் மூன்று நாள், கீழ்நிலத்தில் ஒன்றரை நாள். மேலே தெளியும் நீரை இறுத்துவிட வேண்டும். இறுக்காமல் கலக்கினால் கசப்பும் கடும்புளிப்பும் வரும்.

அடுத்த படிதான் சூட்சுமம். புளித்த மாவில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, மும்மடங்கு தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிண்டிக் கூழாக்க வேண்டும். இதற்கு 'அப்சித்' என்று பெயர். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மீதி மாவில் கலந்துவிட வேண்டும். ஆப்ப மாவுக்குக் கூழ் காய்ச்சிச் சேர்ப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். தெஃப் மாவில் காற்றைப் பிடித்து வைக்கும் பசைப்புரதம் இல்லை. வெந்த கூழ் அந்த வேலையைச் செய்கிறது. நுண்ணுயிர்களுக்குப் புதுத் தீனியாகவும் ஆகிறது. அரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் மாவு மறுபடி பொங்கி, லேசாக அமுங்கும். அமுங்கத் தொடங்கும்போது சுட வேண்டும். கூழைச் சூடாகக் கொட்டினால் நுண்ணுயிர் செத்துவிடும், மாவு எழும்பாது. கூழே சேர்க்காவிட்டால் இஞ்செரா மாவுமாவாக, கண்ணில்லாமல், மறுநாளே உதிரும்.

சுடுகல் 'மிதாட்', மண்ணால் ஆனது. எண்ணெய் வித்துப் பொடியைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். மாவை வெளி ஓரத்தில் தொடங்கிச் சுழற்றிக்கொண்டே நடுவுக்கு வந்து முடிக்க வேண்டும். நம் தோசைக்கு நேர் எதிர். ஊற்றியதும் மூடக் கூடாது. கண்கள் வெடித்து விரியும்வரை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் திறந்திருக்கட்டும். பிறகு கூம்பு மூடியால் மூடி, ஆவியில் இரண்டு நிமிடம். ஓரம் தானாக மேலே எழுந்தால் வெந்துவிட்டது. புல்லில் முடைந்த தட்டை அடியில் செருகி அப்படியே எடுப்பார்கள். கல் போதிய சூடேறாமல் ஊற்றினால் ஒட்டும், கண் வராது. முன்கூட்டியே மூடினால் ஆவி நீர் சொட்டி மேற்பரப்பு வழுவழுவென்று ஆகிவிடும். சூடு ஆறுமுன் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று நாளைக்கு மேல் பூஞ்சை பிடிக்கும். அதற்குமுன் வெயிலில் காயவைத்து 'திர்கோஷ்' ஆக்கினால் மாதக்கணக்கில் இருக்கும், குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடலாம்.

தெஃப் விலை கூடிய தானியம். விளைவிப்பவர் பலர் அதை விற்றுவிட்டு, சோளமோ மக்காச்சோளமோ கலந்த இஞ்செராவைத்தான் உண்கிறார்கள். வெள்ளைத் தெஃப் பணக்கார வீட்டுக்கு, சிவப்பு ஏழை வீட்டுக்கு என்று இருந்த வழக்கம் இப்போது சத்து என்ற பெயரில் கொஞ்சம் திரும்பிக்கொண்டிருக்கிறது.

இஞ்செராவே தட்டு. அதன்மேல் குழம்புகளை வைத்து, எல்லோரும் ஒரே வட்டத்திலிருந்து வலக்கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். பிரியமானவர் வாயில் ஒரு கவளத்தைத் தானே ஊட்டுவது 'குர்ஷா', மறுப்பது அழகல்ல. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதனும் வெள்ளியும், ஈஸ்டருக்கு முன் 55 நாளும், இன்னும் பல விரதங்களுமாகக் கணக்குப் பார்த்தால் ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் இறைச்சி, பால், முட்டை தொடுவதில்லை. அதனால் பருப்பு, கொண்டைக்கடலை மாவு, கீரை ஆகியவற்றில் அவர்களுடைய சமையல் மிக ஆழமானது. வெளியூர் சைவர்கள் உணவகத்தில் 'த்ஸோம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்; விரத உணவு என்று பொருள், வெண்ணெய்கூட இருக்காது.

காய்க்காத வாழை

தெஃப் புகழில் மறைந்துபோகிற இன்னொரு பயிர் என்செட். தெற்கே சிதாமா, குராகே, கெதியோ மக்களின் வீட்டைச் சுற்றிப் பார்த்தால் வாழைத்தோப்பு என்றே நினைப்பீர்கள். குலையில் விதைதான் இருக்கும், தின்ன எதுவும் இல்லை. சாப்பிடுவது அடித்தண்டையும் கிழங்கையும்தான். சுமார் 2 கோடிப் பேர் இதை நம்பி வாழ்கிறார்கள். 40 முதல் 60 மரம் இருந்தால் ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்குச் சோறு.

நட்டு நான்கு முதல் ஏழு ஆண்டுகளில், பூவெடுக்கும் தறுவாயில் சாய்ப்பார்கள். பூ முற்ற விட்டால் மாவுச்சத்து எல்லாம் பூவுக்குப் போய்விடும். மட்டைகளைச் சாய்வான பலகையில் வைத்து மூங்கில் தகட்டால் வழித்தெடுக்கும் கூழும், கொத்திய கிழங்கும் சேர்ந்து, என்செட் இலை விரித்த குழிக்குள் போகும். மேலே கல் ஏற்றி மூடினால் சில வாரம் முதல் பல மாதம் வரை புளிக்கும். பிறகு பிழிந்து, நாரை நீக்கி, இலையில் பொதிந்து சுடுவதுதான் 'கொச்சோ'. குழியில் இருக்கும் வரை அது வங்கி வைப்பு போல, ஆண்டுக்கணக்கில் கெடாது. மரமாக நிற்பதும் சேமிப்புதான், எந்தப் பருவத்திலும் வெட்டலாம். மழை பொய்க்கும் ஆண்டுகளில் என்செட் நிலம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் இது. பெரும்பாலான இடங்களில் வழிப்பதும் புதைப்பதும் முழுக்கப் பெண்களின் வேலை, முதுகை ஒடிக்கும் வேலை.

இதன் எமன் பாக்டீரியா வாடல் நோய். நடுக்குருத்து மஞ்சளாகித் துவளும், வெட்டினால் சீழ் போன்ற மஞ்சள் திரவம் கசியும். நோய் பரப்புவது பெரும்பாலும் மனிதர் கை அரிவாள்தான். ஒரு மரத்தை வெட்டிய அரிவாளைத் தீயில் காட்டாமல் அடுத்த மரத்தில் வைத்தால் தோப்பே போய்விடும். நோய்ப்பட்ட மரத்தைக் கிழங்கோடு பெயர்த்துப் புதைப்பதும், கருவியைச் சுடுவதும் தவிர வேறு மருந்து கிடையாது.

இதே அடுக்கின் காட்டு நிழலில் காப்பி. உலகம் குடிக்கும் அரபிகா காப்பியின் தாய்நிலம் தென்மேற்கு எத்தியோப்பியக் காடுகள். அங்கிருந்து யேமன் வழியாகத்தான் மற்ற நாடுகளுக்கும் சிக்மகளூருக்கும் போனது. வீட்டில் காப்பி என்றால் ஒரு மணி நேர வேலை. பச்சைக் கொட்டையைக் கழுவி, விருந்தாளியின் கண்ணெதிரே வறுத்து, புகையை முகத்தருகே கொண்டுவந்து காட்டி, உரலில் இடித்து, 'ஜெபெனா' என்ற கழுத்து நீண்ட மண்கூசாவில் கொதிக்க விடுவார்கள். தூள் அடியில் படியும்வரை கூசாவைச் சாய்த்தே வைக்க வேண்டும். மூன்று சுற்று: அபோல், தோனா, பெரெக்கா. அதே தூளில் மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றுவதால் மூன்றாவது இளசாக இருக்கும். பெரெக்கா என்றால் ஆசி. அதைக் குடிக்காமல் எழுந்துபோவது முறையல்ல.

விடிந்தால் ஒரு மணி

அடிஸ் அபாபாவில் ஒருவர் 'மூன்று மணிக்கு வாருங்கள்' என்றால் காலை ஒன்பது மணி என்று பொருள். அங்கே நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. விடியும் ஆறு மணி அவர்களுக்குப் பன்னிரண்டு, ஏழு என்பது ஒன்று. நம் சோதிடர்கள் இன்றும் கணக்கிடும் உதயாதி நாழிகையின் அதே தர்க்கம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரமாகவே இருப்பதால் இந்த முறை சிக்கலின்றி ஓடுகிறது. விமானச் சீட்டில் அச்சாவது உலக நேரம். பேருந்து நிலையத்தில் வாயால் சொல்வது உள்ளூர் நேரம். ஆறு மணி வித்தியாசத்தில் வண்டியைத் தவறவிடாமலிருக்க, 'பகலா இரவா' என்று கேட்பதோடு 'உள்ளூர் கணக்கா' என்றும் கேட்டுவிட வேண்டும்.

ஆண்டுக் கணக்கும் வேறு. 30 நாள் கொண்ட 12 மாதம், மிச்சம் 5 நாளுக்குப் 'பாகுமே' என்ற 13ஆவது மாதம். நான்காண்டுக்கு ஒருமுறை அதற்கு 6 நாள். புத்தாண்டு செப்டம்பர் 11இல், ஆங்கில லீப் ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் மட்டும் 12இல். இயேசு கருவான ஆண்டைப் பழைய அலெக்சாந்திரியக் கணக்குப்படி கொள்வதால் ஏழெட்டு ஆண்டு பின்தங்கியிருக்கிறார்கள்: 2025 செப்டம்பர் 11 அங்கே 2018இன் முதல் நாள். ஆவணங்களை மாற்றும்போது பிழை வருவது இந்த ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான். 2010 ஹிதார் 5 என்பது 2017 நவம்பர் 14; ஏழு கூட்ட வேண்டும். அதே 2010இன் திர் 5 என்பது 2018 ஜனவரி 13. எட்டு கூட்ட வேண்டும். ஆண்டை மட்டும் மாற்றிவிட்டு நாளையும் மாதத்தையும் அப்படியே எழுதிவிட்டால், கடவுச்சீட்டில் ஒரு பிறந்தநாளும் பள்ளிச் சான்றிதழில் இன்னொன்றுமாக ஒருவர் வாழ்நாள் முழுக்க அலைய வேண்டியதுதான்.

எழுத்தைப் பார்த்தால் தமிழர் எவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. அம்ஹாரிக் எழுதப்படும் 'ஃபிதெல்' உயிர்மெய் எழுத்துமுறை: 33 மெய்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வடிவம், ஆக 231. நம்முடையது 18 மெய், 12 உயிர், 216. காலோ கொம்போ வெளியே தனியாக நிற்பதில்லை. எழுத்தின் கால் நீளும், வயிற்றில் கோடு முளைக்கும், தலையில் வளையம் வரும். கி.பி. 4ஆம் நூற்றாண்டில், அக்சும் அரசன் எசானாவின் காலத்தையொட்டி இந்த உயிர்க்குறிகள் கல்வெட்டில் வந்துவிட்டன. ஒரே குறை: ஒற்று இரட்டிப்பதைக் காட்ட அடையாளமில்லை. ஒரே எழுத்துக்கோவையை 'அலெ' என்று படித்தால் 'சொன்னான்', 'அல்லெ' என்று படித்தால் 'இருக்கிறான்'. சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரோமோ மொழி, நாட்டில் மிக அதிகம் பேரின் தாய்மொழி, இந்த எழுத்தைக் கொள்ளாமல் 1991 முதல் இலத்தீன் எழுத்தில் கல்வி நடத்துகிறது. அது வெறும் வசதிக்கான முடிவல்ல. நூறாண்டு அம்ஹாரிக் மேலாதிக்கத்தின் மீதான மனக்குறை அதில் இருக்கிறது. தலைநகரையே ஒரோமோக்கள் ஃபின்ஃபின்னே என்றுதான் அழைக்கிறார்கள்.

பெயரிலும் நம் வழக்கம்தான்: குடும்பப் பெயர் கிடையாது. முதலில் தன் பெயர், பிறகு தந்தை பெயர். 1960இல் ரோம் நகரில் வெறுங்காலோடு மாரத்தான் வென்ற அபெபே பிகிலாவில் ஓடியவர் அபெபே. பிகிலா அவர் தந்தை. 'திரு. பிகிலா' என்று எழுதினால் தந்தையைக் குறிப்பதாகும். மரியாதைக்கு ஆணுக்கு 'அதோ', மணமான பெண்ணுக்கு 'வெய்ஸெரோ' என்று முன்னே சேர்த்து, அவரவர் பெயரையே சொல்ல வேண்டும். முதலெழுத்தைக் குடும்பப் பெயராக விரித்து எழுதச் சொல்லும் விண்ணப்பப் படிவத்தில் தமிழர் படும் பாட்டை அவர்களும் படுகிறார்கள். திருமணத்துக்குப் பின் பெண் பெயர் மாறுவதும் இல்லை.

வடக்கே லாலிபெலாவில் 11 கிறித்தவக் கோயில்கள் பாறையைக் குடைந்து எடுத்தவை. தனித்து நிற்பவற்றுக்கு, முதலில் சுற்றி அகழி வெட்டி ஒரு பாறைக்கட்டியைத் தனியாக்கி, பிறகு கூரையிலிருந்து வாசல் வரை இறங்கிச் செதுக்கியிருக்கிறார்கள். மாமல்லபுர ரதங்களைப் பார்த்தவர்களுக்கு முறை தெரியும். இங்கே தரைமட்டத்துக்குக் கீழே குழியில் நிற்பதுதான் வேறுபாடு. எரிமலைப் பாறை மென்மையானது, செதுக்க எளிது, மழைநீரையும் உறிஞ்சும். அதனால் அகழித் தரையில் வடிகால் சரிவு விட்டிருந்தார்கள். நூற்றாண்டுகளாக மண் அடைத்து, விரிசல் விட்ட பிறகு, 2008இல் சிலவற்றின் மேல் இரும்புக் கூரை போட்டனர். இப்போது அந்தக் கூரையின் கால்களே பாறைக்குப் பாரமோ என்ற கவலை ஊரில் எழுந்திருக்கிறது. அங்கே இன்றும் தினமும் வழிபாடு நடக்கிறது. அருங்காட்சியகமாக மட்டும் வைத்துப் பேசுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

கிழக்கே ஹரார் நகரம், மதிலுக்குள் நெருங்கி நிற்கும் பள்ளிவாசல்களோடு, வேறோர் எத்தியோப்பியா. 2007 கணக்கெடுப்பில் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் 43.5 விழுக்காடு, இஸ்லாமியர் 33.9 விழுக்காடு. 1896 மார்ச் 1 அன்று அத்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த பேரரசர் இரண்டாம் மெனலிக்கின் சேனையில் பல மொழி, பல திணை மக்கள் இருந்தார்கள். 1936 முதல் 1941 வரையிலான இத்தாலிய ஆக்கிரமிப்பைத் தவிர நாடு யாருக்கும் அடிமைப்படவில்லை. ஆனால் அதே மெனலிக்கின் படைதான் தெற்கையும் பிடித்தது. 2020 முதல் 2022 வரை திக்ராயில் நடந்த பெரும்போர் வரை இந்தக் கணக்குகள் தீரவில்லை.

இன்று உயரக் கணக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. நிலம் பிள்ளைகளுக்குப் பங்காகிப் பங்காகி, பெரும்பாலான வீடுகளிடம் ஓர் எக்டருக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. வெப்பம் கூடக்கூட காப்பிக்கு ஏற்ற அடுக்கு சரிவில் மேலே நகர்கிறது. மலேரியாவும் அதன் பின்னால் ஏறுகிறது. காப்பி ஏறினால் தெஃப் ஏறவேண்டும், தெஃப் ஏறினால் பார்லி. பாலே மலைகளில் 3,500 மீட்டரை ஒட்டியும் பார்லி வயல்கள் வந்துவிட்டன. அதற்கு மேலே இருக்கும் புல்வெளியில்தான் எத்தியோப்பிய ஓநாய் வாழ்கிறது. உலகில் மிஞ்சியவை 500 அளவுதான். உழவர்களோடு வரும் நாய்களிடமிருந்து வெறிநோய் அவற்றுக்குத் தொற்றுவதால், காப்பாளர்கள் ஓநாய்க்கு முன் ஊர் நாய்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.